சதுர அடி ரேட்டில் அடங்காத செலவுகள்: வீடு கட்டவும் புதுப்பிக்கவும் பட்ஜெட் போடும் முறை

வீடு கட்டப்போகிறோம் என்று வாயைத் திறந்ததுமே வருகிற முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்?" என்பதுதான். அந்த ஒரே எண்ணைப் பரப்பளவால் பெருக்கி, வந்த தொகையைப் பட்ஜெட் என்று எழுதிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். ரூஃப் போடும்வரை எல்லாம் சரியாகவே போகும். அதற்குப் பிறகுதான் கணக்கு உதைக்கும். ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அந்த ரேட்டுக்குள் எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் இல்லை என்று இரண்டு தரப்பும் எழுதிவைக்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

சதுர அடி ரேட் ஒரு தோராயம். மனை வாங்கலாமா, இரண்டு படுக்கையறையா மூன்றா என்று முடிவெடுக்க அது போதும். பணத்தை எடுத்துக் கொடுக்கப் போதாது.

படி 1: கையிலுள்ள மொத்தத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

சேமிப்பு, கடன், உறவினர் உதவி எல்லாம் சேர்த்துத் திரட்ட முடிந்த தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் எடுத்துவைக்க வேண்டியது எதிர்பாராச் செலவுக்கான கைவசத் தொகை. புது வீட்டுக்கு 10 பங்கு, பழைய வீட்டைப் புதுப்பிக்க 15 முதல் 20 பங்கு. இந்தத் தொகையை ஒப்பந்தக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல டைல்ஸ் வாங்கவும் இதைத் தொடக்கூடாது. மண்ணுக்குள்ளிருந்தும் சுவருக்குள்ளிருந்தும் கிளம்பும் செலவுக்கு மட்டுமே இது.

அடுத்து, கட்டடத்துக்கு வெளியே நிற்கும் செலவுகள்: வரைபடமும் அனுமதிக் கட்டணமும், இன்ஜினியர் சம்பளம், மண் பரிசோதனை, மனையைச் சமன்படுத்தி மேடாக்குவது, மின் இணைப்பு, தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள், சுற்றுச்சுவர், கேட், தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், வேலை நடக்கும் காலத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்தின் வாடகை, கடனுக்கு வேலை முடியும்முன்பே ஓடத் தொடங்கும் வட்டி. இவற்றில் பெரும்பாலானவை சதுர அடி ரேட்டில் வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி எழுதிக் கழித்தபின் மிஞ்சுவதுதான் கட்டடத்துக்கான பணம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் எத்தனை சதுர அடி என்று முடிவுசெய்ய வேண்டும். பலர் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பணத்தைப் பிறகு தேடுகிறார்கள்.

மேடாக்குவது சின்ன விஷயம்போலத் தோன்றும். 100 சதுர மீட்டர் இடத்தை 60 செ.மீ. உயர்த்த இறுகிய நிலையில் 60 கன மீட்டர் மண் தேவை. லாரியில் வருவது உதிரி மண். திமிசு போட்டு இறுக்கினால் அமுங்கும். ஆகவே 72 முதல் 75 கன மீட்டர்வரை வாங்க நேரும். இறுக்காமல் விட்டால் அந்தப் பணம் மிச்சமாகும், ஆனால் பின்னால் தரை அமிழ்ந்து டைல்ஸ் வெடிக்கும்.

படி 2: எந்தப் பரப்பளவு என்று கேளுங்கள்

சுவருக்கு உள்ளே நடக்கிற இடத்தின் பரப்பு ஒன்று. சுவர் தடிமனையும் சேர்த்த கட்டடப் பரப்பு வேறொன்று. பால்கனி, போர்ட்டிகோ, மாடிப்படி, மாடிப்படிக்கு மேலுள்ள தலையறை (ஹெட்ரூம்), திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை முழுசாகக் கணக்கிடுகிறார்களா, பாதியா, இல்லவே இல்லையா? ரேட் குறைவாகச் சொல்லிவிட்டு அளவைக் கூட்டினாலும், ரேட்டைக் கூட்டிச் சொல்லி அளவைக் குறைத்தாலும் தொகை ஒன்றாகவே வரலாம். ஆகவே ரேட்டை மட்டும் வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

படி 3: மண் பரிசோதனையும் முழு வரைபடமும் முதலில்

அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எந்த வகை என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. பரிசோதனை செய்யாமல் பட்ஜெட் போட்டால், குழி தோண்டிய அன்றைக்கே கைவசத் தொகை கரையலாம். வரைபடம் என்று இங்கே சொல்வது அறைகளின் அமைப்பை மட்டும் காட்டும் ஒற்றைத் தாளை அல்ல. கம்பி விவரத்துடன் கட்டமைப்பு வரைபடம், மின் புள்ளிகள், பிளம்பிங், கதவு ஜன்னல் பட்டியல் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் அளவு எடுக்க முடியாது, அளவில்லாமல் பட்ஜெட்டும் இல்லை.

படி 4: அளவுப் பட்டியல்

பட்ஜெட்டின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டங்கள்: விவரம், அளவு, அலகு ரேட், தொகை. பெரிய வேலைக்கு இன்ஜினியரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சரிபார்க்கத் தெரிந்திருந்தால் யாரும் சும்மா ஒரு எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியாது. கையோடு வைத்திருக்க வேண்டிய கணக்குகள் சில:

கான்கிரீட்: சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் 1 கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோ சிமென்ட், அதாவது 50 கிலோ மூட்டையில் 8. மணல் சுமார் 0.42 கன மீட்டர், ஜல்லி 0.84. மூன்றையும் கூட்டினால் 1 கன மீட்டருக்கு மேல் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். காய்ந்த பொருட்களுக்கு இடையிலுள்ள காற்றிடம் நிரம்பும்போது அளவு சுருங்கும். அதற்காகத்தான் கணக்கில் 1.54 என்ற பெருக்கெண் வருகிறது. 100 சதுர மீட்டர் ரூஃப், 125 மி.மீ. தடிமன் என்றால் 12.5 கன மீட்டர் கான்கிரீட், 100 மூட்டை சிமென்ட். சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் தற்காலிகப் பலகை) சமமாக இல்லாமல் சராசரியாக 10 மி.மீ. தாழ்ந்திருந்தால்கூட இன்னொரு கன மீட்டர் கான்கிரீட் உள்ளே போய்விடும். கம்பி கட்டுவதற்குமுன் சென்ட்ரிங் மட்டத்தைச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். அரை மணி நேர வேலை, 8 மூட்டை மிச்சம்.

கம்பி: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. வந்திறங்கிய கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பார்த்தால் எடைச்சீட்டு சரியா என்று தெரிந்துவிடும். சில சதவீத வித்தியாசம் சகஜம். ரூஃபுக்கு எவ்வளவு கம்பி என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். கன மீட்டருக்கு 80 கிலோ என்று தோராயமாக வைத்தால் மேலே சொன்ன ரூஃபுக்கு 1 டன். ஒட்டுக்கும் (இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் இடம்) வெட்டுத் துண்டுக்கும் 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

செங்கல்: 190 × 90 × 90 மி.மீ. கல் என்றால் 1 கன மீட்டர் கட்டுமானத்துக்கு 500. உடைசலுக்கு 5 சதவீதம். கல் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஆகவே முதல் லோடிலேயே நான்கைந்து கல்லை அளந்து பாருங்கள்.

பூச்சு: 12 மி.மீ. தடிமன், 1:6 கலவை, 100 சதுர மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட். செங்கல் வரிசை கோணலாக இருந்தால் கொத்தனார் அதைப் பூச்சில்தான் நிமிர்த்துவார். 12 மி.மீ. 20 ஆகும், 8 மூட்டை 12 அல்லது 13 ஆகும். சுவர் கட்டும்போது தூக்குக்குண்டு பிடிக்காததன் விலை பூச்சுக் கணக்கில் வந்து உட்காரும். அப்போது யாரும் அதைச் சுவர்ச் செலவு என்று சொல்லமாட்டார்கள்.

மணலுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. "ஒரு லோடு" என்பது அளவே அல்ல. லாரித் தொட்டியின் உள் நீளம், அகலம், மணல் மட்டத்தின் உயரம் மூன்றையும் அளந்து கன அளவாக எழுதுங்கள். மேலும், ஈர மணல் உப்பும்: துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் துகள்களைத் தள்ளிவைப்பதால் அதே மணல் அதிக இடத்தை அடைக்கும். சோதிப்பது எளிது. நேரான பக்கங்கள் உள்ள ஒரு பாத்திரத்தில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்கு அமுக்காமல் போடுங்கள். தண்ணீர் ஊற்றி மூழ்கடித்து, நன்றாகக் கிளறி, படியவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 16 செ.மீ.க்கு இறங்கியிருந்தால் உப்பல் 25 சதவீதம். அதாவது ஐந்து லோடுக்குப் பணம் கொடுத்து நான்கு லோடு மணல் வாங்கியிருக்கிறீர்கள். பட்ஜெட்டில் மணல் வரி எப்போதும் ஏன் இடிக்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

படி 5: பூச்சுக்குப் பிந்தைய செலவு

ரூஃப் போட்டுச் சுவரும் எழும்பிவிட்டால் வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலத் தெரியும். செலவு அப்போதுதான் ஏறக்குறைய பாதியைத் தொட்டிருக்கும். மிச்சப் பாதி தரை, கதவு, ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட், சமையலறை மேடை, அலமாரி என்று துண்டு துண்டாக வருவதால் மொத்தமாகக் கண்ணில் படுவதில்லை. பட்ஜெட் அதிகம் மீறுவதும் இங்கேதான், ஏனென்றால் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது.

டைல்ஸுக்குத் தரைப் பரப்பை மட்டும் எடுத்தால் குறையும். 4 × 5 மீட்டர் அறைக்குக் கதவு வழி போக 17 மீட்டர் நீளம் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) வேண்டும், 10 செ.மீ. உயரம் என்றால் அது 1.7 சதுர மீட்டர், தரையில் 8.5 சதவீதம். 1.5 × 2.4 மீட்டர் குளியலறையின் தரை 3.6 சதுர மீட்டர்தான், ஆனால் 2.1 மீட்டர் உயரம்வரை சுவரில் ஒட்டினால் கதவு போக ஏறக்குறைய 15 சதுர மீட்டர், தரையைப்போல் நான்கு மடங்கு. சேதாரத்துக்கு நேர்வரிசை என்றால் 10 சதவீதம், மூலைவாட்டில் பதித்தால் 15. எல்லாம் ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். ஒரு பெட்டி குறைந்து, பிறகு போய் வாங்கினால் ஷேடு சேராது. வேலை முடிந்தபின் ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவைப்பது வீண்செலவு அல்ல.

மின் புள்ளிகளை அறை அறையாக எண்ணி எழுதுங்கள்: விளக்கு, ஃபேன், சுவிட்ச் பலகை, பிளக், ஏசிக்குத் தனி லைன், வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், வெளிவிளக்கு. ரூஃபுக்குள் போக வேண்டிய பைப் கான்கிரீட்டுக்குமுன் போடப்பட வேண்டும். மறந்த ஒரு விளக்குப் புள்ளிக்காகப் பூசிய சுவரில் காடி எடுத்து, பைப் பதித்து, அடைத்து, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிக்கும்போது அந்த ஒரு புள்ளி பல புள்ளிகளின் விலைக்கு வரும்.

படி 6: கொட்டேஷன்களை ஒரே அட்டவணையில் போடுங்கள்

உங்கள் அளவுப் பட்டியலையே மூன்று பேரிடமும் கொடுத்து, அதிலேயே ரேட் எழுதி வாங்குங்கள். அவரவர் வடிவத்தில் வாங்கினால் ஒப்பிட முடியாது. பிறகு வரிசையாகப் பாருங்கள். காலியாக விட்ட கட்டம் இலவசம் அல்ல. அது பின்னால் வரப்போகும் எக்ஸ்ட்ரா பில். மிகக் குறைந்த கொட்டேஷனில் எத்தனை கட்டம் காலி என்று எண்ணினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி, "டைல்ஸ் உட்பட", "கதவு உட்பட" என்ற வரிகள். எந்த விலை வரைக்கும் உட்பட? அந்த உச்சவரம்பை ஒப்பந்தக்காரர் குறைவாக வைத்திருப்பார். நீங்கள் கடைக்குப் போய்ப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் உங்கள் தலையில். கொட்டேஷனில் கையெழுத்திடுவதற்குமுன் கடைக்கு ஒருமுறை போய், உண்மையில் வாங்கப்போகிற ரகத்தின் விலையைப் பார்த்து அந்த வரியைத் திருத்துங்கள்.

ஒப்பந்த வகையும் பட்ஜெட்டைப் பாதிக்கும். லேபர் காண்ட்ராக்டில் பொருள் உங்களுடையது: தரம் கையில் இருக்கும், சேதாரமும் உங்களுடையது. பொருளோடு மொத்தத் தொகை பேசினால் நிம்மதி, ஆனால் விவரம் எழுதப்படாத இடத்தில் எல்லாம் மலிவுச் சரக்கு வரும். ஆன செலவுக்கு மேல் இத்தனை சதவீதம் என்று பேசுவதை முதல்முறை கட்டுகிறவர்கள் தவிர்க்கலாம். செலவு கூடினால் அவருடைய பங்கும் கூடும் என்ற ஏற்பாட்டில் சிக்கனம் பார்க்க ஆளில்லை.

படி 7: தவணைகள்

வேலை முன்னால் போக வேண்டும், பணம் பின்னால் வர வேண்டும். அஸ்திவாரம், பேஸ்மட்டம் (தரை மட்டம்வரை வரும் அடிக்கட்டு), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, தரை, பெயின்ட், ஒப்படைப்பு என்று கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்து பார்த்தபின் அதற்குரிய தொகை. ரூஃப் வரைக்கும் 75 சதவீதம் வாங்கிக்கொள்ளும்படி தவணை போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பாதி வேலைக்கு முக்கால் பணம் வாங்கியவருக்கு மிச்ச வேலை நஷ்டக் கணக்குதான். ஆட்கள் மெதுவாக வேறு சைட்டுக்கு நகர்வார்கள். ஒவ்வொரு தவணையிலும் 5 முதல் 10 சதவீதத்தை நிறுத்திவைத்து, குறை சரிசெய்யும் காலம் முடிந்தபின் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கடன் வாங்குகிறவர்களுக்கு: வங்கிகள் பொதுவாக ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகே அதற்கான பணத்தை விடுவிக்கும். அப்படியானால் அந்தக் கட்டத்தை முடிக்கச் சொந்தப் பணம் முதலில் வேண்டும். மொத்தத்தில் பணம் சரியாக இருந்தும் நடுவில் கையில் இல்லாமல் வேலை நிற்பது இதனால்தான். மாதவாரியாக வரவு, செலவு என்று ஒரு தாள் போட்டு, எந்த மாதம் பள்ளம் விழுகிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 8: மூன்று கட்டக் கணக்கு

வாரம் ஒருமுறை எழுத வேண்டியவை: ஒதுக்கியது, ஒப்புக்கொண்டது, கொடுத்தது. நடுவிலுள்ள கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கதவு ஜன்னலுக்கு 12 பங்கு ஒதுக்கி, 14 பங்குக்கு ஆர்டர் கொடுத்து, 4 பங்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று வைப்போம். கொடுத்ததை மட்டும் பார்த்தால் இன்னும் 8 பங்கு மிச்சம்போலத் தெரியும். உண்மையில் 2 பங்கு மீறியாகிவிட்டது. அது ஆர்டர் கொடுத்த அன்றே தெரிந்தால் வேறெங்காவது குறைக்கலாம், கதவு வந்து இறங்கிய அன்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நடுவில் மாற்றம் கேட்டால் வேலை தொடங்கும்முன் அதன் விலையையும் கூடும் நாட்களையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் அன்றைக்கு வேலையை நிறுத்திவைப்பதே நல்லது.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது

இங்கே ஒரு படி கூடுதல்: முதலில் சோதனை, பிறகு பட்ஜெட். பூச்சைத் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று வெற்றொலி கேட்டால் அந்தப் பகுதி உரிக்க வேண்டியது. ரூஃபின் அடியில் கம்பி நீளவாட்டில் விரிசலும் துருக்கறையும் இருந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. அதை இன்ஜினியர் பார்க்காமல் மேலே எந்தச் செலவும் வேண்டாம். வயரிங்கில் எர்த் இருக்கிறதா, பழைய இரும்புக் குழாயா என்றும் பாருங்கள்.

இடிப்பதற்கு ஆகும் செலவை எழுதுகிறவர்கள் அள்ளுவதற்கு எழுதுவதில்லை. 100 சதுர மீட்டர் சுவரில் 20 மி.மீ. பூச்சை உரித்தால் 2 கன மீட்டர், ஏறக்குறைய 4 டன் எடை. உதிர்ந்தபின் ஒன்றரை மடங்குவரை இடத்தை அடைக்கும். மாடியிலிருந்து சாக்கில் கட்டி இறக்கும் கூலி, வண்டி, கொட்டும் இடத்துக் கட்டணம் எல்லாம் தனி வரிகள்.

"டாய்லெட்டை அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம்" என்பது வரைபடத்தில் ஒரு கோடு. தரைக்கு அடியில் வேறு கதை. 110 மி.மீ. கழிவுக் குழாய் 3 மீட்டர் ஓட வேண்டும், சாய்வு 40க்கு 1 என்றால் 75 மி.மீ. இறக்கம். குழாயோடு சேர்த்து 185 மி.மீ., அடியில் படுக்கையும் மேலே டைல்ஸும் சேர்த்தால் 200 மி.மீ.க்கு மேல். அந்த இடத்தில் ஸ்லாப் தாழ்த்திப் போடப்படாததால் குளியலறைத் தரையை அவ்வளவு உயர்த்த வேண்டும், அல்லது குழாயைக் கீழ்த்தளத்தின் சீலிங்கில் தொங்கவிட வேண்டும். கூடவே நீர்க்கசிவுத் தடுப்பு, கதவு உயரம், படி. டாய்லெட் இருக்கிற இடத்திலேயே இருந்தால் இந்தச் செலவு எதுவும் இல்லை.

தொகை மீறினால் எங்கே குறைப்பது

முதலில் வடிவத்தில். 10 × 10 மீட்டர் வீட்டுக்கு வெளிச்சுவர் 40 மீட்டர். அதே 100 சதுர மீட்டரை 5 × 20 ஆகக் கட்டினால் 50 மீட்டர். கால்பங்கு சுவர், அஸ்திவாரம், பூச்சு, பெயின்ட் கூடுதல். மூலைகள் கூடக்கூடச் செலவும் கூடும். தள உயரத்தை 3.3 மீட்டரிலிருந்து 3 மீட்டராக்கினால் சுவர் வேலையில் 9 சதவீதம் குறையும். அடுத்தது தள்ளிப்போடக்கூடியவை: அலமாரி, ஃபால்ஸ் சீலிங், சுற்றுச்சுவரின் வெளிப்பூச்சு. கைவைக்கவே கூடாதவை: கம்பி, சிமென்ட் விகிதம், நீராற்றுதல் (கான்கிரீட்டையும் பூச்சையும் ஈரமாக வைத்திருப்பது), நீர்க்கசிவுத் தடுப்பு, வயர் தடிமன், எர்த். இவற்றைப் பின்னால் சரிசெய்ய, மேலே போட்ட எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்குமுன் குளியலறைத் தரையில் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள்; கீழ்த்தளச் சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, எல்லா சுவிட்சுகளையும் போட்டுப் பாருங்கள். பைப்புகள் சுவருக்குள் எங்கே ஓடுகின்றன என்பதற்கான படங்களையும், மோட்டார், ஹீட்டர் உத்தரவாதச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு, குறைப் பட்டியலை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு செக் எழுதுங்கள்.